நாற்பத்தோரு வலிகள்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்டே. உரக்கச் சொன்னால் இந்தக் கதை கெட்டுப்போகும். சாவு வீட்டுக் கதைதான், ஆனாலும் உங்களை அழவைக்க மாட்டேன். முதுகுத் தண்டில் சில்லென்று ஏதாவது ஏறினால் பக்கத்திலிருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஓர் ஆள் இருப்பது பின்னே எதற்காம்?

ரிப்பேர்காரர் இயந்திரத்தின் வாயிலிருந்து பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தார். வாய் என்றால் உதடும் பல்லும் உள்ள வாயில்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு தகடு, தகட்டின் கீழ்ப்பாதியில் தபால் பெட்டிக்கு இருப்பதுபோல ஒரு பிளவு. அதற்குள் இடுக்கியை விட்டு, விரல் பருமனில் உருட்டிய பஞ்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தரையில் விரித்த செய்தித்தாளில் வைத்தார். ஏழு வந்துவிட்டது. இன்னும் வந்துகொண்டிருந்தது.

"என்னம்மா இது, பல்லு புடுங்கின எடத்துல வைக்கிற பஞ்சு மாதிரி இருக்கு?"

"அதேதான்" என்றாள் மகள். ஈரத் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"ஏன், இதுக்குப் பல்லு மொளைக்குதா?"

கேட்டுவிட்டுச் சிரிக்கப் போனவர், அதே உள்ளறைக் கட்டிலில் அம்மாவைத் தலை வரை போர்த்திக் கிடத்தியிருப்பது நினைவுக்கு வந்து, சிரிப்பை எச்சிலோடு விழுங்கினார்.

அவர்மேல் தப்பில்லை. ஐந்து நாளைக்கு முன்னால் அவரை வரச்சொல்லியிருந்தார்கள். இன்றைக்கு ஒன்பது மணிக்கு வருகிறேன் என்றிருந்தார். ஒன்பது மணிக்குப் பையோடு வந்து நின்றால் வாசலில் அத்தனை செருப்பு. "துக்க வீடுன்னு தெரியாதுங்க, நான் இன்னொரு நாள் வரேன்" என்று திரும்பியவரை அண்ணன்தான் நிறுத்தினான். "வந்தது வந்துட்டீங்க. அம்மாவே போயாச்சு, இத வச்சு நாங்க என்ன பண்ணப்போறோம்? பாத்துட்டு, கையோட எடுத்துட்டுப் போயிடுங்க."

எடுத்துக்கொண்டு போனால் உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்து அழித்து, வேறு வீட்டுக்கு அனுப்புவார்கள். அதுதான் வழக்கம்.

பதினொரு மணிக்கு அம்மாவை எடுத்துப்போக வண்டி வரும். அதுவரை அண்ணன் முன்னறையில் நின்று தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தான். "ஆமாங்க, காலையில ஆறு மணிக்கு. இல்லைங்க, ஒரு முனகல்கூட இல்ல. நிம்மதியா போயிட்டாங்க." காலையிலிருந்து இது பத்தாவது பேச்சோ பதினோராவதோ. சொல்லச் சொல்ல வாக்கியம் வழவழப்பாகிக்கொண்டே வந்தது.

அவன் "நிம்மதியா" என்று சொல்லும்போதெல்லாம் மகள் கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

ஏழரை மணிக்கு அவளும் பக்கத்து வீட்டுக்காரியும் அம்மாவின் உடம்பைத் துடைத்தார்கள். திருப்பியபோது இடது இடுப்பில் உள்ளங்கையளவு புண். ஓரம் கறுத்து, நடுவில் தோல் விட்டுப்போயிருந்தது. "படுத்தே கெடந்தா இப்படி ஆகறதுதான், விடு" என்று பக்கத்து வீட்டுக்காரி அவசரமாகத் துணியை இழுத்து மூடினாள். மூடியும் மகளுக்கு அது தெரிந்துகொண்டே இருந்தது. அண்ணனிடம் அவள் சொல்லவில்லை. அது அம்மாவுக்கு வலித்ததா, இல்லையா? உலகத்தில் அந்த ஒன்றுதான் அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது. பதில் சொல்லக்கூடியவளுக்குத்தான் தலை வரை போர்த்தியிருந்தது.

அந்த அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போனால் கதை நொண்டும். சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்கு நல்ல குரல். இளவயதில் தொலைபேசி நிலையத்தில் "எந்த நம்பர் வேணும்?" என்று கேட்கிற வேலை. அந்த வேலை போனதும், இயந்திரம் செய்கிற கம்பெனிக்காரர்கள் அவளைக் கூப்பிட்டார்கள். சுமை தூக்கவும் நோயாளியைத் தூக்கவும் இயந்திரங்கள் வந்த புதிது. வாங்கியவர்கள் அவற்றைப் போட்டு அடித்தார்கள், உதைத்தார்கள், தூக்கமுடியாததைத் தூக்கவைத்து மூட்டுகளை உடைத்தார்கள். கம்பெனிக்காரர்கள் மணி அடிக்கவைத்தார்கள், ஒருவரும் சட்டை செய்யவில்லை. சிவப்பு விளக்கு எரியவைத்தார்கள், அதையும் சட்டை செய்யவில்லை. கடைசியில் யாரோ ஒரு புத்திசாலி, மூட்டுக்குப் பாரம் மிஞ்சினால் பெண்குரலில் வலியோடு கத்தவைக்கலாம் என்றான். மனிதக் கைகள் அதற்கு மட்டும் நின்றன.

அந்தக் குரல்தான் அம்மாவுடையது. சுவரெல்லாம் பஞ்சுமெத்தை ஒட்டிய ஓர் அறையில் அவளை உட்காரவைத்து நாற்பத்தோரு வலிகளைப் பதிந்துகொண்டார்கள். கதவிடுக்கில் மாட்டிய விரல், கொதிநீர் பட்ட கை, பிசகிய மணிக்கட்டு, கட்டில் காலில் இடித்த சுண்டுவிரல். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். எந்த இயந்திரம் வந்தாலும் ஆகட்டும் என்று தலையிலிருந்து கால்வரைக்கும் பதிந்து வைத்துக்கொண்டார்கள்.

அம்மா அதை வீட்டில் பழகுவாள். அடுப்பில் சோறு கொதிக்கும், அவள் நின்றபடி "ஆ! அய்யோ! ம்ம்ம்!" என்று விதவிதமாகக் கத்துவாள். மகளுக்கு அப்போது ஏழு வயது, பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதுவாள். ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரி, இன்றைக்குத் துடைக்க வந்தவளின் மாமியார், அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "பொம்பள மேல கை வச்சீங்கன்னா நல்லா இருக்காது, சொல்லிட்டேன்" என்று விரலை ஆட்டினாள். அப்பாவோ கரப்பான்பூச்சியைக்கூட முறத்தில் ஏந்தி வெளியே விட்டுவருகிற ஆள். அன்றைக்கு அம்மா சிரித்த சிரிப்பில் சோறு அடிபிடித்துப்போனது.

ஆனால் பதிந்துகொடுத்த நாளுக்குப் பிறகு ஒரு மாற்றம் வந்தது. உண்மையான வலிக்கு அம்மா வாயைத் திறப்பதில்லை. மகளுக்குப் பிறகு வயிற்றில் நிற்காமல்போன குழந்தைக்காக மருத்துவமனையில் கிடந்தபோதுகூட ஒரு சத்தமில்லை. கணுக்கால் எலும்பு முறிந்தபோது படியில் மெதுவாக அமர்ந்து, "கொஞ்ச நேரம் உக்காரணும் போல இருக்கு" என்றாள், அவ்வளவுதான். ஏனம்மா இப்படி என்று கேட்டால், "வித்துட்டேன் பாப்பா. வித்த பொருள வீட்டுல பொழங்கக்கூடாது" என்பாள்.

அதனால் மகள் அம்மாவின் அழுகையை வீட்டில் கேட்டதே இல்லை. கடைத்தெருவில் கேட்டிருக்கிறாள். பேருந்து நிலையத்தில் மூட்டை இறக்குகிற இடத்தில் கேட்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும்போது வெளியே மேசை நாற்காலி தூக்கும் இடத்திலிருந்து "அய்யோ" என்று அம்மா கத்துவாள். எல்லாப் பிள்ளைகளும் எழுதுவார்கள். இவள் மட்டும் பேனாவை வைத்துவிட்டு எழுந்து நிற்பாள்.

வருடங்கள் போயின. அந்த மாதிரி இயந்திரங்கள் பழசாகி வழக்கொழிந்தன. அம்மாவுக்கு வயதாகி ஒத்தாசைக்கு ஒன்று தேவைப்பட்டபோது, "என் குரல் உள்ளது எங்கயாவது கெடக்கான்னு பாரு" என்று சொல்லித் தேடிப் பிடித்து இதை வாங்கவைத்தாள். சக்கரத்தில் நகரும், கட்டில் உயரம், இரண்டு நீளக் கைகள், உள்ளங்கையில் மெத்தென்று தோல். மூட்டு கரகரத்தாலும் வேலையில் குறையில்லை. பேசவென்று பத்துப் பன்னிரண்டு வார்த்தைகள்தான் தெரியும். திருப்புறேன். தண்ணி. நேரமாச்சு. அம்மா அதற்கு வைத்த பேர் மாப்பிள்ளை.

"உனக்குத்தான் கல்யாணமே வேணாம்னுட்டியே. என் குரலக் கட்டிக்கிட்டுப் போனவன் எனக்கு மாப்பிள்ளைதானே?" என்பாள் மகளிடம். மாப்பிள்ளை சூப்புக் கிண்ணத்தை நீட்டினால், "மாப்பிள்ளை ஊட்டிச் சாப்பிடுற பாக்கியம் எத்தன மாமியாருக்குக் கெடைக்கும்!" என்பாள். குளிப்பாட்டவும் துணி மாற்றவும் அதைத்தான் விடுவாள். பிள்ளைகள் வந்தால் கதவைச் சாத்தச் சொல்வாள்.

பதினேழு நாளைக்கு முன்னால் அம்மாவுக்குக் கை கால் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. கண் மட்டும் மிச்சமிருந்தது. மகள் எங்கே போனாலும் அந்தக் கண் கூடவே வந்தது. நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டு மேசைமேல் ஒரு சொட்டு மருந்துக் குப்பியை வைத்தாள். "வலி இருக்குன்னு தெரிஞ்சா நாக்குக்கு அடியில நாலு சொட்டு விடுங்க. இல்லேன்னா வேணாம், தூங்கியே கெடப்பாங்க." நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் மாப்பிள்ளை வந்து, கைகளை அடியில் கொடுத்து, அம்மாவைப் பக்கம் மாற்றிப் போடும். துணி மாற்றும்போது பழக்கதோஷத்தில் மகள் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பாள்.

மகள் பல் டாக்டரிடம் உதவியாளாக இருக்கிறவள். ஒரு நாளைக்கு முப்பது பேருக்கு, "ஒண்ணும் வலிக்காது, நல்லா வாயத் தொறங்க" என்று சொல்கிறவள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சுளிப்பில்லை, முனகலில்லை. அந்தக் கண் தூங்கிப்போவதை அவள் விரும்பவில்லை. குப்பியைத் திறக்கவே இல்லை.

பதினோராம் நாள் மாப்பிள்ளை அம்மாவைத் திருப்பும்போது கத்தியது.

அம்மாவின் குரல். முப்பத்தெட்டு வருடத்துக்கு முந்தைய, இளசான, பிசிறில்லாத குரல். சமையலறையிலிருந்து ஓடிவந்த மகளுக்கு ஒரு நொடி கட்டிலில் கிடப்பது யார், கத்துவது யார் என்று பிடிபடவில்லை. அம்மாவின் கண் அவளைப் பார்த்தது. உதடு ஒட்டியிருந்தது. மறுபடி நாலு மணி நேரம் கழித்து அதே கத்தல். அடுத்த நாளும். "மணிக்கட்டு போயிருக்கும், பழசுதானே" என்று அண்ணன் ரிப்பேர்காரருக்குச் சொல்லிவிட்டான். அதுவரைக்கும் பொறுக்கமுடியவில்லை மகளால். தன்னுடைய பழைய குரலையே அம்மா கேட்டுக்கொண்டு கிடக்கவேண்டுமா? கிளினிக்கிலிருந்து பஞ்சுப் பொட்டலம் கொண்டுவந்து, காலைத் திருப்பல் முடிந்ததும், அந்தப் பிளவுக்குள் வைத்து வைத்து அடைத்தாள். மாப்பிள்ளை தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொடுத்தது. அதற்குப் பிறகு திருப்பும்போதெல்லாம் பஞ்சு மட்டும் லேசாக அதிரும்.

பொட்டலத்தில் மிஞ்சிய இரண்டு உருளைகள்தான் இன்று காலை அம்மாவின் மூக்குக்குப் போயின.

"பதினாறு" என்று ரிப்பேர்காரர் கடைசிப் பஞ்சை வைத்தார். முதுகுத் தகட்டைத் திறந்து, கையிலிருந்த சிலேட்டு மாதிரியான கருவியை ஒரு கம்பியால் மாட்டினார். மணிக்கட்டை ஆட்டிப் பார்த்தார், முழங்கையை மடக்கினார், தோளில் காதை வைத்துக் கேட்டார். அண்ணன் பேச்சை முடித்துவிட்டு வந்து நின்றான்.

"மணிக்கட்டுதானே?"

"மணிக்கட்டு நல்லா இருக்குங்க. தோளும் நல்லா இருக்கு. கொஞ்சம் எண்ணெ கேக்குது, அவ்வளவுதான். பாரம் ஒரு தடவகூட மிஞ்சல. கத்துறதுக்குக் காரணமே இல்ல."

"காரணமில்லாமயா நாள் பூரா கத்துச்சு?"

"அதான் பாக்குறேன். கத்துனதெல்லாம் இதுல விழுந்திருக்கும்." விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "பஞ்சு வச்சது எப்பம்மா?"

"அஞ்சு நாளாச்சு. காலையில பதினொரு மணிக்குத் திருப்பின கையோட."

"அதுக்கப்புறமும் கத்தியிருக்கு. ஒண்ணு, ரெண்டு..." வாய்க்குள் எண்ணினார். "இருபத்தெட்டு தடவ. ஒரு வேளகூட விடல. நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா, திருப்புறப்பல்லாம்." நிறுத்தினார். "இன்னிக்குக் காலையில ஏழு மணிக்கு மட்டும் திருப்பியிருக்கு, கத்தல."

ஏழு மணிக்கு அம்மா போய் ஒரு மணி நேரமாகியிருந்தது. தடுக்க யாருக்கும் தோன்றாமல், மாப்பிள்ளை வழக்கம்போல வந்து, கைகளை அடியில் கொடுத்து, அவளைத் திருப்பிவிட்டுப் போனதை இரண்டு பேரும் பார்த்திருந்தார்கள். பஞ்சு அதிரவில்லை.

"இன்னொண்ணுங்க" என்றார் ரிப்பேர்காரர். அவர் குரல் தணிந்துபோயிருந்தது. "ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு சத்தம். மணிக்கட்டுன்னா ஒம்பது, தோள்னா பதினாலு. இது எல்லாத் தடவையும் ஒரே சத்தம்தான் போட்டிருக்கு. முப்பத்தி மூணு."

"அது எதுக்கு?"

"இடுப்பு."

அண்ணன் இயந்திரத்தைக் கீழிருந்து மேலே பார்த்தான். சக்கரம், தண்டு, கைகள், தலை.

"இதுக்கு ஏதுங்க இடுப்பு?" என்றான்.

"அதான் நானும் யோசிக்கிறேன்."

மகள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அன்றைய அடுப்பங்கரையில் அம்மா நிற்கிறாள். சோறு கொதிக்கிறது. அம்மா இடது இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு சத்தம் எழுப்புகிறாள். சரியில்லை என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் எழுப்புகிறாள். மகள் பென்சிலைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிறாள். "இது நல்லா இருக்கா பாப்பா?"

"மெஷினுக்கு என்னங்க வலி?" அண்ணன் சட்டென்று சத்தமாகச் சொன்னான். "குக்கர் விசில் அடிக்குது, அதுக்கென்ன வயித்துவலியா? ஏதோ கம்பி சுத்திக்கிட்டு எண் மாறிக் கத்தியிருக்கும்."

"இருக்கலாம்ங்க. இருபது வருஷமா இதுங்களத் தொறந்து மூடுறேன், வலின்னு ஒரு பாகத்த இன்னும் பாக்கல." கம்பியைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "எங்க பக்கத்து வீட்டு டாக்டர் சொல்வாரு, மனுசனத் தொறந்தாலும் அப்படி ஒண்ணு கெடைக்காதாம். இதோட கையில தோல் இருக்கு, தொட்ட உடம்பு இறுகுனா தெரியும். அது வரைக்கும் எனக்குத் தெரியும். அதுக்கு மேல கேக்காதீங்க."

தொலைபேசி அடித்தது. அண்ணன் எடுத்தான். "ஆமாங்க. காலையில ஆறு மணிக்கு." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அவன் தங்கையைப் பார்த்தான். அவள் முகத்தில் என்ன இருந்ததோ, வாயைத் திறந்தவன் திறந்தபடி நின்றான். "அப்புறம் பேசறேங்க" என்று வைத்துவிட்டான்.

"பாப்பா."

"ம்."

"நீ ஏதாவது பாத்தியா? துடைக்கறப்போ?"

அவள் ஈரத் துண்டைப் பிரித்து, நான்காக மடித்து, மறுபடி பிரித்தாள். அவனும் திரும்பக் கேட்கவில்லை. மேசைக்குப் போய் அந்தக் குப்பியைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கழுத்து வரைக்கும் மருந்து இருந்தது. சத்தம் வராமல் வைத்தான்.

பதினொன்றுக்குச் சற்று முன்னதாகவே வண்டி வந்தது. நான்கு பேர் தூக்கினார்கள். அம்மா அத்தனை லேசாகிவிட்டிருந்தாள். கதவருகே திரும்பும்போது மகள் தன்னையறியாமல், "இடது பக்கம் பாத்து, மெதுவா" என்றாள். தூக்கியவர்களில் ஒருவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். அண்ணன் மட்டும் தன் கையை அந்தப் பக்கம் மாற்றிக்கொடுத்தான். மகள் செருப்பை எடுக்க உள்ளே வந்தாள்.

உள்ளறையில் ரிப்பேர்காரர் பையை மூடிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையை வாசல்வரை உருட்டிப்போக அவருக்கு ஓர் ஆள் தேவை. வண்டி நகர்ந்ததும் யாரையாவது கூப்பிடலாம் என்று காத்திருந்தார்.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று.

"நேரமாச்சு" என்றது மாப்பிள்ளை.

அது தானாகக் கட்டிலுக்கு நகர்ந்தது. மெத்தையில் அம்மா கிடந்த குழி இன்னும் எழும்பவில்லை. "திருப்புறேன்" என்று, அந்தக் குழிக்குள் இரண்டு கைகளையும் மெல்லக் கொடுத்தது. தோளுக்கு அடியில் ஒன்று, இடுப்புக்கு அடியில் ஒன்று. தலை சாய்ந்துவிடாமல் தாங்குகிறவர்கள் செய்வதுபோலத் தன் முழங்கையை உயர்த்திக்கொண்டு, தூக்கியது. கைகளில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததை அது அவ்வளவு பதனமாகத் தூக்கியது. பாதியில் நின்றது.

அப்புறம் அந்தப் பிளவிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

அதை எப்படிச் சொல்லிக்காட்டுவேன்? கத்தல் இல்லை. அம்மாவின் குரலும் இல்லை, அம்மாவின் குரல் இல்லாமலும் இல்லை. பாத்திரத்தின் அடியில் கடைசித் தண்ணீர் வற்றும்போது ஒரு ஓசை வருமே, கிட்டத்தட்ட அப்படி. ரிப்பேர்காரர் மளமளவென்று கம்பியை மாட்டிக் கருவியைப் பார்த்தார். தட்டினார், மறுபடி பார்த்தார்.

"முப்பத்தி மூணா?" என்று கேட்டாள் மகள்.

"இல்லம்மா."

"பின்ன எத்தனை?"

"நம்பரே வரல. இது... நாப்பத்தொண்ணுல இல்லம்மா இது." கருவியை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

வெளியே வண்டி ஒரு முறை ஒலியெழுப்பியது. மகள் கையில் செருப்போடு கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். ஒரு நாளைக்கு முப்பது பேருக்கு வலிக்காது என்று சொல்லிப் பழகிய வாய் அவளுடையது. பதினேழு நாளில் ஒரு தரம் கேட்டிருக்கவேண்டியதைக் கேட்டாள்.

"எங்க வலிக்குது?"

மாப்பிள்ளை வலது கையை விடுவித்துத் தூக்கியது. தன் தண்டின் பக்கம் கொண்டுபோனது, அங்கே வைக்கவில்லை. மெத்தைக் குழியின் மேலே கொண்டுபோனது, அங்கேயும் வைக்கவில்லை. வைக்க இடமில்லாமல் அந்தக் கை அந்தரத்தில் நின்றது, விரல்கள் கொஞ்சம் விரிந்தபடி.

மறுபடியும் வண்டியின் ஒலி.

மகள் செருப்பைக் கீழே போட்டாள். அம்மாவின் தலையணையை எடுத்து, இரண்டாக மடித்து, அந்தக் கைக்கு அடியில் கொடுத்தாள். கையின் பாரம் மெல்ல மெல்லத் தலையணையில் இறங்கியது.

"அண்ணே, இத இன்னிக்கு எடுக்காதீங்க" என்றாள் ரிப்பேர்காரரிடம். "மூணு மணிக்குத் திருப்புற நேரம். அதுக்குள்ள வந்துடுவேன்."

ரிப்பேர்காரர் தலையசைத்தார். பையை எடுத்தவர், என்ன நினைத்தாரோ, திரும்பப் போட்டுவிட்டுக் கட்டிலருகே இருந்த முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். செய்தித்தாளில் பதினாறு பஞ்சுகள் வரிசையாகக் கிடந்தன. ஜன்னல் காற்றில் ஒன்று மட்டும் உருண்டு மற்றொன்றின்மேல் போய் முட்டி நின்றது.

அவ்வளவுதான் கண்ணுகளா. பிடித்த கையை இனி விடலாம், விடாமல் இருந்தாலும் சரிதான். உங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு நோவும் வரக்கூடாது என்று வாழ்த்தத்தான் ஆசை, ஆனால் இந்த வயதில் பொய் வாழ்த்துச் சொல்ல நாக்கு வரவில்லை. வந்தால், எங்கே வலிக்கிறது என்று உடனே கேட்க உங்கள் வீட்டில் ஒரு வாய் இருக்கட்டும். சத்தம் போடாதவர் பக்கம் முதலில் திரும்புகிற காது இருக்கட்டும். உங்கள் கட்டில்களெல்லாம் ஆள் நிறைந்து, மெத்தைகள் சூடாறாமல் இருக்கட்டும்.